நாரிப்பிடிப்பு எப்படி இளகுகிறது? பூனை நீட்சியும் குழந்தை ஆசனமும்

‘நாரி பிடிச்சிட்டுது’, அதாவது கீழ்முதுகு பிடித்துக்கொண்டது என்று திருகோணமலையில் ஒருவர் சொன்னால், கேட்பவர்களிடம் உடனே நாலு விளக்கம் இருக்கும். நரம்பு சுருண்டுவிட்டது. வாயு ஏறிவிட்டது. தட்டு விலகிவிட்டது. கிட்னியாக இருக்கும். பின்னாலேயே அறிவுரையும் வரும்: ‘குனிஞ்சு காலைத் தொட்டு நல்லா இழுத்து விடுங்கோ, சரியாகிடும்.’ யோகா வகுப்புக்குப் போகிறவர்களும், போனில் வீடியோ பார்த்துச் செய்கிறவர்களும்கூடப் பெரும்பாலும் இந்த எண்ணத்தோடுதான் பாயில் இறங்குகிறார்கள். தசை சுருங்கிக் கிடக்கிறது, இழுத்தால் நீளும், எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம்.

அது பிழை. பிழையான எண்ணத்தோடு செய்தால் உளைவு கூடுகிறது. கூடியதும், ‘எனக்கு யோகா சரிவராது’ என்று ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். நாளுக்கு ஐந்து நிமிடத்தில் கிடைக்கக்கூடிய ஆறுதல் அத்தோடு போய்விடுகிறது. நீட்சி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று விளங்கிவிட்டால், எப்படிச் செய்ய வேண்டும் என்பது பாதி தானாகவே விளங்கிவிடும். அதனால் இங்கே விளக்கம் முதலில், செய்முறை பிறகு.

நாரியில் என்ன இருக்கிறது

முதுகெலும்பு ஒரே எலும்பாக இல்லை. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, அதற்குக் கீழே 5 என்று, தனித்தனியே அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகளும் வாலெலும்பும். நாங்கள் நாரி என்று சொல்வது அந்தக் கீழ் ஐந்தையும் சுற்றியுள்ள தசைகளையும்தான். மேலுடம்பின் பாரம் முழுக்க அந்த ஐந்தின் வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு தடித்த கயிறுகள்போலத் தசைகள் ஓடுகின்றன. இதைப் படத்தில் பார்க்கத் தேவையில்லை, கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். எழுந்து நில்லுங்கள். இடுப்பில் கை வைத்து, இரண்டு பெருவிரல்களையும் பின்னால் முதுகெலும்பின் இரு பக்கமும் அழுத்திக்கொள்ளுங்கள். முகம் கழுவக் குனிவதுபோல மெல்ல முன்னால் சாயுங்கள். விரலுக்குக் கீழே கயிறு இறுகி மேடாகும். நிமிர்ந்து, ஒரு அங்குலம் பின்னால் சாய்ந்தால் அதே இடம் பஞ்சாகும். நின்ற இடத்திலேயே நடப்பதுபோலக் காலை மாற்றி மாற்றித் தூக்கினால் இடமும் வலமும் மாறி மாறி இறுகும்.

நீங்கள் முன்னால் விழாமல் பிடித்து வைத்திருப்பதுதான் அந்தத் தசைகளின் முக்கிய வேலை. தம்பலகாமத்தில் குனிந்து களை பிடுங்குகிறவருக்கும், தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறவருக்கும், நாள் முழுக்க ஓட்டோவின் ஹாண்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்திருக்கிறவருக்கும் அந்தக் கயிறு மணித்தியாலக் கணக்கில் இறுகியபடியே நிற்கிறது. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரிய காரியமில்லை. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்தபடி அசையாமல் நிற்கச் சொன்னால் அரை நிமிடம் தாங்காது. அசையாமல் இறுகி நிற்கும் தசைக்குள் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, களைப்பு சேருகிறது, உளைவு தொடங்குகிறது.

பிடிப்பு ஒரு காவல்

படலைக்குள் கட்டியிருக்கும் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று பட்டதும் குரைக்கும். வந்தவன் போன பிறகும் கொஞ்ச நேரம் குரைத்துக்கொண்டேதான் இருக்கும். நாரித் தசையும் அப்படித்தான். களைத்துப்போன இடம், பிசகிய அசைவு, இரவு சரியில்லாத நித்திரை, மனதில் ஒரு கவலை. இவற்றில் ஏதாவது ஒன்றை மூளை ஆபத்தாக எடுத்துக்கொண்டால், அந்த இடத்தை அசையவிடாமல் தசைகளை இறுக்கி வைக்கிறது. அந்த இறுக்கத்தைத்தான் பிடிப்பு என்கிறோம். அங்கே நரம்பு எதுவும் சுருளவில்லை, காற்றும் புகவில்லை.

அப்படியானால் இழுத்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு தசைக்குள்ளும், தான் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் இழுபடுகிறேன் என்று அளந்துகொண்டே இருக்கும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. அவற்றுக்குத் தசைக் கதிர்கள் என்று பெயர். தசை வெடுக்கென்று இழுபட்டால் அவை முண்ணாணுக்கு, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டுக்குச் செய்தி அனுப்பும். மூளையைக் கேட்காமலே அங்கிருந்து ‘சுருங்கு’ என்று பதில் வந்துவிடும். இதற்கு நீட்சித் தெறிவினை என்று பெயர். வைத்தியர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டும்போது கால் தானாகத் துள்ளுவது இதே தெறிவினைதான்.

ஆகவே குனிந்து, தெத்தித் தெத்திக் காலைத் தொட முயல்கிறவர், தான் இளக்க நினைக்கும் தசைக்கு ஒவ்வொரு தெத்தலிலும் ‘இறுகு’ என்று கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறார். படலைக்குள் ஓடிப்போனால் நாய் இன்னும் குரைக்கும்தானே. மெதுவாக, தெரிந்த ஆள் நடப்பதுபோல நடந்தால் அடங்கும். மெல்லப் போய், நோகும் எல்லைக்கு முன்னால் நின்று, மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் தசைக் கதிர்கள் எச்சரிக்கையைக் குறைக்கின்றன, மூளையும் காவலைத் தளர்த்துகிறது.

தசை சைக்கிள் டியூப்பை வெட்டி எடுத்த பட்டி மாதிரி, இழுக்க இழுக்க நீளும் என்பது இன்னொரு கதை. சில கிழமைகள் தொடர்ந்து நீட்சி செய்கிறவர் முன்னரைவிடத் தாழக் குனிவார், உண்மைதான். ஆனால் அந்த முன்னேற்றத்தின் பெரும்பங்கு, முன்பு ‘போதும், நிறுத்து’ என்று தோன்றிய இடத்தில் இப்போது அப்படித் தோன்றாததால் வருவது. பழகியது பெரும்பாலும் நரம்பு மண்டலம்.

சுருக்கமாக, இதுவரை: உளைவு, அசையாமல் இறுகி நின்ற தசையில் தொடங்குகிறது. பிடிப்பு, மூளை போட்ட காவல். வெடுக்கென்று இழுத்தால் காவல் கூடும், மெல்லப் போனால் குறையும்.

மூச்சு எங்கே வருகிறது

யோகா ஆசிரியர்கள் ‘மூச்சை விடுங்கோ, மூச்சை விடுங்கோ’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்கு உடம்புக்குள் காரணம் உண்டு. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குடைபோல விரிந்திருக்கும் தசையின் பெயர் பிரிமென்றகடு. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. அதன் பின்பக்க வேர்கள் நாரி முள்ளெலும்புகளின் முன்புறத்தில்தான் பிடித்திருக்கின்றன. மூச்சை அடக்கினால் வயிறு, நாரி எல்லாம் சேர்ந்து இறுகும். பாரம் தூக்கும்போது அந்த இறுக்கம் தேவை. இளக வேண்டிய நேரத்தில் அது இடைஞ்சல்.

இன்னொன்று: மூச்சு வெளியே போகும்போது இதயம் சற்று மெதுவாகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட்டுப் பாருங்கள். விடும்போது துடிப்புகளுக்கு இடையில் இடைவெளி கூடுவதைப் பலரால் உணர முடியும். உடம்பை ஆறவைக்கும் நரம்பு வேலை செய்வதன் அடையாளம் அது. ஆகவே நீட்சியில் இருக்கும்போது நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். எண்ண முடியாமல் மூச்சு தடக்கினால், நீங்கள் அளவுக்கு மிஞ்சி இழுத்துவிட்டீர்கள். கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

தட்டு விலகிய பயம்

இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைக்கு இடைத்தட்டு என்று பெயர். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே ஈரமான களி. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்திருப்பதால், மேசையில் வைத்த பீங்கான் தட்டுப்போல அது வழுக்கிப் போகாது. அதற்கு நடக்கக்கூடியது புடைப்பு, சிலவேளை வெடிப்பு. புடைப்பு மிகவும் சாதாரணம். நோவே இல்லாத ஆட்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 50 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 60 பேரளவில் தட்டுப் புடைப்பு இருந்தது. 20 வயதிலேயே நூற்றுக்கு 30 பேரளவில் இருந்தது. ஸ்கேன் அறிக்கையில் ‘புடைப்பு’ என்ற சொல்லைப் பார்த்ததும் கட்டிலில் படுத்துவிடுவது தேவையில்லாத தண்டனை. சாதாரண நாரி நோவில், தாங்கக்கூடிய அளவுக்கு அசைந்துகொண்டிருப்பவர்கள் படுத்தே கிடப்பவர்களைவிடச் சீக்கிரம் தேறுகிறார்கள்.

தட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு விடயம் நேரம். இரவில் ஊறப்போட்ட கடலை விடியும்போது பருத்திருக்கும். இடைத்தட்டும் அப்படியே. படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சிப் பருக்கிறது, பகல் முழுக்கப் பாரத்தில் நசுங்கி நீரை இழக்கிறது. காலையில் இருப்பதைவிட மாலையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நாங்கள் கட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம். எழும்பியவுடன் தட்டு பருத்து, இறுகி, முன்குனிவுக்கு ஆகாத நிலையில் இருக்கும். பாயிலிருந்து எழும்பிய கையோடு குனிந்து இழுக்காதீர்கள். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, முற்றம் கூட்டி, ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.

தொடங்கும் முன்

வெறும் சீமெந்துத் தரை முழங்காலுக்குக் கூடாது. பன்பாயின்மேல் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டால் போதும், விலை கொடுத்து யோகா மெத்தை வாங்கத் தேவையில்லை. ஒரு தலையணை, ஒரு துவாய் பக்கத்தில் இருக்கட்டும். சோறு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழிய வேண்டும். நல்ல நேரம் பின்னேரம்: வேலை முடிந்து, குளித்து, உடம்பு சூடாக இருக்கும்போது.

சூடு உதவும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அள்ளிக் குளித்துவிட்டு வருகிறவர்கள் உடம்பு இலேசானதாகச் சொல்வது வெறும் நம்பிக்கை மட்டுமில்லை. இதமான சூடு தசைக்கு இரத்தத்தைக் கூட்டி, நோவுணர்வையும் மட்டுப்படுத்துகிறது. வீட்டில் என்றால், சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி நாரியில் 15 நிமிடம் வைக்கலாம். நீரிழிவால் தோலில் உணர்வு குறைந்தவர்கள் வைக்க வேண்டாம். சுட்டுக் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும்.

முதல் அசைவு: பூனை நீட்சி

வடமொழியில் மார்ஜாரி ஆசனம். பூனை எழும்பும்போது முதுகை வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

முழங்காலிலும் கைகளிலும் நில்லுங்கள். தோளுக்கு நேர் கீழே உள்ளங்கை, இடுப்பு மூட்டுக்கு நேர் கீழே முழங்கால், இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. விரல்களை அகல விரித்து, முழங்கையை இம்மியளவு மடக்கி வையுங்கள். கால்விரல்கள் பின்னால் நீண்டிருக்கட்டும். பார்வை பாயில்.

மூச்சை விட்டபடி தொடங்குங்கள். முதலில் அசைய வேண்டியது வாலெலும்பு. பயந்த நாய் வாலைக் கால்களுக்குள் மடக்குவதுபோல அதைக் கீழே சுருட்டுங்கள். அதைத் தொடர்ந்து நாரி மேலெழும், பிறகு நடுமுதுகு, பிறகு தோள்களுக்கு இடைப்பட்ட இடம். கடைசியில்தான் தலை தொங்க வேண்டும். இவ்வளவும் ஒரே மூச்சில், ஐந்து ஆறு எண்ணும் நேரத்தில். மூச்சை இழுக்கும்போது அதே ஒழுங்கில் எதிர்ப்பக்கம்: வாலெலும்பு மேலே, வயிறு கீழே, நெஞ்சு முன்னால், கடைசியில் தலை நேராகும். வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. கண் ஒரு கதிரையின் உயரத்தைப் பார்த்தால் போதும். ஆறு முதல் எட்டுத் தடவை.

இதில் பெரும்பாலும் பிழைப்பது ஒழுங்கு. அவசரப்படுகிறவர்கள் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறார்கள். கழுத்து நோகிறது, நாரி அசைவதேயில்லை. வீட்டில் யாரையாவது உங்கள் நாரியில் உள்ளங்கையை இலேசாக வைக்கச் சொல்லுங்கள். மூச்சு விடும்போது அந்தக் கையை மேலே தள்ளப் பாருங்கள். கை உயர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இரண்டாவது பிழை, மூச்சு இழுக்கும்போது வயிற்றை முழுக்கத் தொங்கவிடுவது. ஏற்கெனவே உள்வளைந்த நாரியில் அது குத்தும். குத்தினால் அந்தப் பக்கத்தைப் பாதியாகக் குறையுங்கள், முதுகு நேராக வந்ததே போதும். மணிக்கட்டு நோகிறவர்கள் கையை முஷ்டியாக்கி ஊன்றலாம், அல்லது முழங்கைகளைத் தலையணையில் ஊன்றலாம்.

இது நீட்சியைவிட அசைவுதான், அதனாலேயே முதலில் வருகிறது. இறுகி நின்ற தசைக்குள் இரத்தம் ஓடத் தொடங்குகிறது, அசைந்தால் ஆபத்தில்லை என்று மூளைக்கும் எட்டுத் தடவை தெரிவிக்கப்படுகிறது.

இரண்டாவது: குழந்தை ஆசனம்

பாலாசனம் என்றும் சொல்வார்கள். பூனை நீட்சியில் நின்ற அதே இடத்திலிருந்து, கால் பெருவிரல்கள் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து, முழங்கால்களைப் பாயின் அகலத்துக்கு விரியுங்கள். மூச்சை விட்டபடி இடுப்பைக் குதிக்காலை நோக்கிப் பின்னால் கொண்டுபோங்கள். கைகள் முன்னால் நீண்டு கிடக்கட்டும். நெற்றி தரையைத் தொட வேண்டும் என்பதில்லை. ஆனால் எதன்மேலாவது சாய்ந்திருக்க வேண்டும்: தலையணையில், அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கைமுஷ்டிகளில். தலை அந்தரத்தில் தொங்கினால் கழுத்தும் மேல்முதுகும் காவலுக்கு நின்றுவிடும்.

இனி எதையும் இழுக்காதீர்கள். மூச்சை நாரிக்குள் இழுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பிரிமென்றகடு இறங்கும்போது வயிறு தொடைகளில் முட்டுவதால் விலாவும் நாரியும் பின்பக்கமாக விரியும். இந்த விரிவுதான் உங்களுக்குத் தேவையான நீட்சி. அதை வெளியிலிருந்து யாரும் முதுகில் அமத்தித் தரத் தேவையில்லை, அமத்தவும் விடாதீர்கள். முதல் நாள் ஐந்து மூச்சு. பழகப் பழக ஒன்றிரண்டு நிமிடம்.

இழுவை எவ்வளவு இருக்கலாம்? நோவே இல்லாததை 0, தாங்க முடியாததை 10 என்று வைத்தால், 3ஐத் தாண்டக் கூடாது. அகலமாக, மந்தமாக ஓர் இழுவை இருந்தால் நல்லது. ஊசி குத்துவதுபோல, மின் அடித்ததுபோல, அல்லது காலுக்குள் எரிந்துகொண்டு இறங்குவதுபோல ஏதாவது வந்தால் அது தசையின் இழுவை இல்லை, நரம்பு உரசுகிறது. உடனே வெளியே வாருங்கள்.

இடுப்பு குதிக்காலைத் தொடாதவர்கள்தான் அதிகம். இடையில் தலையணையை வையுங்கள், தேவையானால் இரண்டு. கணுக்காலின் முன்பக்கம் நோகிறதா, துவாயைச் சுருட்டி அதற்குக் கீழே கொடுங்கள். முழங்கால் மடங்கவே மடங்காதவர்கள் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை முதலில், பிறகு மற்றதை, நெஞ்சை நோக்கிக் கைகளால் அணைத்துக்கொள்ளலாம். அதே வடிவம்தான், பாரம் மட்டும் மாறியிருக்கிறது.

எழும்பும்போது அவசரம் வேண்டாம். கைகளால் மெல்ல மெல்லப் பின்னால் நடந்து, தலை கடைசியாக நிமிர வேண்டும். பிறகு இரண்டு மூச்சு அப்படியே இருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், வியர்த்து நீர் குறைந்த உடம்போடு சடாரென்று எழும்பினால் தலை சுற்றும்.

இந்த இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம். கிழமையில் ஒரு நாள் அரை மணித்தியாலம் செய்வதைவிட, தினமும் ஐந்து நிமிடம் இங்கே கூடுதல் பயன் தரும், ஏனென்றால் நரம்பு மண்டலம் திரும்பத் திரும்ப வருவதைத்தான் நம்புகிறது. செய்து முடித்த மறுநாள் காலை உளைவு முன்னரைவிடக் கூடியிருந்தால், அளவைப் பாதியாக்குங்கள்.

யார் செய்யக் கூடாது, யார் உடனே போக வேண்டும்

கிட்னி நோவையும் தசை நோவையும் ஆட்கள் அடிக்கடி குழப்புகிறார்கள். தசையின் நோ பெரும்பாலும், படுத்தால், திரும்பினால், நடந்தால் கூடும் அல்லது குறையும். சிறுநீரகக் கல்லின் நோ அலை அலையாக வரும், எப்படித் திரும்பினாலும் விடாது. காய்ச்சலும் சிறுநீரில் எரிவும் சேர்ந்தால் அங்கே ஆசனத்துக்கு வேலையில்லை, வைத்தியரிடம் போங்கள்.

விழுந்ததாலோ வாகனத்தில் அடிபட்டதாலோ வந்த நோ, இரவில் நித்திரை கொள்ளவிடாத நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வரும் நோ, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் நோ: இவையும் முதலில் வைத்தியருக்கு. எலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள், குறிப்பாக வயதான பெண்கள், முதுகைச் சுருட்டும் அசைவுகளைச் செய்யாமல் இயன்மருத்துவரிடம் கேட்க வேண்டும். முன்குனிவில் முள்ளெலும்பு நொறுங்க இடமுண்டு. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தாமல் இருப்பது நல்லது. கர்ப்பிணிகள் தங்கள் தாதியிடம் கேட்டு, வயிற்றுக்கு இடம்விட்டு முழங்காலை நன்றாக அகட்டிச் செய்யலாம்.

காலில் பலம் குறைதல், இரண்டு தொடைக்கும் நடுவே விறைத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைத்து அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நரம்புக் கட்டு நசுங்கியிருக்கலாம், மணித்தியாலங்கள் முக்கியம்.

பாய் விரிக்க இடமில்லாத இடத்தில்

கொழும்பு பஸ்ஸில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தபடி போகிறவருக்குப் பூனை நீட்சியை இருக்கையிலேயே செய்ய முடியும். முதுகைச் சாய்மானத்திலிருந்து எடுத்து, கைகளை முழங்காலில் வைத்து, மூச்சு விடும்போது வாலெலும்பைச் சுருட்டி முதுகை வளைப்பது, இழுக்கும்போது நெஞ்சை நிமிர்த்துவது. ஹபரணையில் ஐந்து தடவை, தம்புள்ளையில் ஐந்து தடவை. பஸ் தேத்தண்ணிக்கு நின்றால் இறங்கி நடப்பது அதைவிட நல்லது.

கரைவலை இழுக்கிறவர்கள் நின்றபடியே செய்யலாம். வலைக்குக் காத்து நிற்கும் இடைவெளியில், கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்காலை மடித்து, வள்ளத்தின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றுங்கள். மூச்சை விட்டபடி முதுகை வளைத்து, இழுத்தபடி நேராக்கி, ஐந்து தடவை. பிறகு கைகளை அங்கேயே விட்டு இரண்டடி பின்னால் போய், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, தலையைக் கைகளுக்கு நடுவே வைத்து மூன்று மூச்சு. முழங்கால் மடிந்தே இருக்கட்டும். கால் நேரானால் தொடையின் பின்தசை இழுத்து, பாரம் மறுபடி நாரிக்கு வரும். நிமிர்ந்ததும் கயிற்றைப் பிடியுங்கள், இந்த முறை மற்றப் பக்கம் நின்று.